வெள்ளாவியும் சொட்டு நீலமும்: தமிழக வீடுகளின் சலவை வரலாறு

தமிழக வீடுகளில் சலவை இயந்திரம் பரவலானது 1990களுக்குப் பிறகுதான். அதற்கு முன் வளர்ந்தவர்களிடம் சிறுவயதுச் சலவை நாளைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு காட்சிகளைச் சொல்வார்கள். ஒன்று கிணற்றடி: துவைக்கும் கல், அம்மாவின் கை, ஈரச் சேலையின் மறுமுனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தது. மற்றொன்று வாசல்: வாரம் ஒருமுறையோ இருமுறையோ வந்து நிற்கும் சலவைத் தொழிலாளி, அவர் அவிழ்க்கும் மூட்டை, வெளுத்த துணியின் ஆவி மணம். முதல் காட்சியைச் சொல்லும்போது குரலில் ஏக்கம் இருக்கும். இரண்டாவதைச் சொல்லும்போது பலருக்கும் சிறு தயக்கம் வரும். தன்னைவிட ஐம்பது வயது மூத்தவரை அன்று பெயர் சொல்லி, ஒருமையில் அழைத்தது நினைவுக்கு வருவதே அந்தத் தயக்கத்துக்குக் காரணம்.

இந்த இரண்டு காட்சிகளும் சேர்ந்ததுதான் தமிழகத்தின் சலவை வரலாறு. ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் எழுதினால் அது பாதிக் கதையாகிவிடும்.

வீட்டில் துவைத்தவையும் வெளியே போனவையும்

வீட்டுத் துணிகள் இரண்டாகப் பிரிந்தன. அன்றாடம் உடுத்தியவை, குழந்தைகளின் துணி, உள்ளாடை, துண்டு ஆகியவற்றைக் குளிக்கும்போதே கிணற்றடியிலோ ஆற்றுப் படித்துறையிலோ குளத்தங்கரையிலோ வீட்டுப் பெண்கள் கசக்கிப் போட்டுவிடுவார்கள். வெள்ளை வேட்டி, சட்டை, படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை, கனத்த சேலை ஆகியவை வெளுக்கப் போகும். ஜமுக்காளத்தை வருடத்துக்கு ஓரிரு முறை, பண்டிகைக்கு முன்பு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துப் பிள்ளைகளை மிதிக்கச் சொல்வார்கள். சலவை நாளில் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரே விளையாட்டு அதுதான்.

இந்த வேலையின் ஒவ்வொரு படிக்கும் தமிழில் தனி வினைச்சொல் உண்டு. ஊறவைப்பது, கசக்குவது, கும்முவது, அடித்துத் துவைப்பது, அலசுவது, பிழிவது, உதறுவது, உலர்த்துவது, நீவி மடிப்பது. யாழ்ப்பாணத்தில் துவைப்பதைத் ‘தோய்ப்பது’ என்பார்கள். தமிழகத்திலும் சில வீட்டுப் பேச்சில் அந்தச் சொல் உண்டு. துணியை விட்டு வேறு எதை எதையோ பேசும்போதும் இந்தச் சொற்கள் வந்து விழுகின்றன. ஒரு செய்தியை அலசுகிறோம், ஆட்டத்தில் ஒருவர் வெளுத்து வாங்குகிறார், முதலாளி ஆளைப் பிழிந்தெடுக்கிறார், ஒருவரின் சாயம் வெளுக்கிறது. பளிங்குக்குக்கூடத் தமிழில் சலவைக்கல் என்றுதான் பெயர்.

பட்டுச் சேலைக்குத் தனி முறை. பட்டு ஒரு புரத இழை. சவுக்காரமும் சோடாவும் போன்ற காரப் பொருள்கள் அதை அரித்துவிடும். அதனால் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கரைத்த நுரையில் பட்டை அலசி நிழலில் உலர்த்தினார்கள். இந்த வேலையை வெளியே கொடுப்பது அபூர்வம்.

ஆசாரம் பார்த்த வீடுகளில் இன்னொரு சிக்கல் இருந்தது. சலவைக்குப் போய்வந்த துணி எவ்வளவு வெண்மையாக இருந்தாலும் அது ‘மடி’ ஆகாது. மறுபடி தண்ணீரில் நனைத்து, யாரும் தொடாதபடி மூங்கில் கோலால் தூக்கி உயரக் கொடியில் போட்டு உலர்த்திய பிறகே பூசைக்கும் சமையலுக்கும் உடுத்துவார்கள். அழுக்கைப் போக்கியவரின் கைபட்டதே ஓர் அழுக்காகக் கருதப்பட்டது. கூரையை ஒட்டிய கொடியில் ஒன்பது கஜச் சேலையைக் கோலாலேயே விரித்துப்போடும் பாட்டியின் திறமையைப் பேரப்பிள்ளைகள் இன்றும் வியந்து சொல்வதுண்டு. அந்தத் திறமை எதற்காகத் தேவைப்பட்டது என்பது அந்த வயதில் அவர்களுக்குப் புரிந்திருக்க வாய்ப்பில்லை.

அழுக்குமூட்டையும் கணக்கு நோட்டும்

நகரங்களில் ‘டோபி’ வரும் நாளன்று பிள்ளைகளுக்கு ஒரு வேலை காத்திருக்கும். நோட்டில் தேதி போட்டு, வேட்டி 4, சட்டை 6, சேலை 3, துண்டு 5 என்று எழுத வேண்டும். அடுத்த முறை துணி திரும்பி வரும்போது ஒவ்வொன்றாக எண்ணி அடிக்க வேண்டும். குறைந்தால் ஒரு சண்டை, கிழிந்தால் ஒரு சண்டை, அடுத்த வீட்டுத் தலையணை உறை வந்துவிட்டால் ஒரு சிரிப்பு. கூட்டலும் கழித்தலும் பலருக்கு இந்த நோட்டில்தான் கைவந்தது.

துணி எடுத்துப்போனவரிடம் நோட்டு இருக்காது. அவருடைய கணக்கு துணியிலேயே இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. துணியின் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத மூலையில், இரண்டு புள்ளி, ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு புள்ளி என்பதுபோல் இருக்கும். இதற்கு மை சேங்கொட்டையிலிருந்து வந்தது. சேராங்கொட்டை என்றும் சொல்லப்படும் இதன் சாறு துணியில் பட்டுக் காற்றில் கறுத்துவிட்டால் எந்தத் துவைப்பிலும் போகாது. சுண்ணாம்பு சேர்த்தால் கறை இன்னும் நிலைக்கும். தோலில் பட்டால் கொப்பளிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அயல்நாட்டுப் படைவீரர்களுக்குக் கழுத்திலும் இடுப்பிலும் வந்த ஒருவகைத் தோல் அழற்சிக்கு இந்தச் சலவைக் குறியே காரணம் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். காவல்துறையும் இந்தக் குறிகளைத் துப்பாகப் பயன்படுத்தியது. அடையாளம் தெரியாத உடலில் இருந்த சட்டையின் குறியை வைத்து, எந்தப் பகுதிச் சலவையாளர், எந்த வீடு என்று தேடிப் போவது அக்காலப் புலனாய்வில் வழக்கமான முறை.

எழுத்தறியாதவர் என்று ஊர் சொன்ன மனிதர் நூறு வீட்டுத் துணியை ஒரே அடுப்பில் வைத்து, ஒரே துறையில் அலசி, ஒரே மணலில் உலர்த்திய பிறகும் வீடு மாறாமல் பிரித்துக் கொடுத்தார். அந்தக் குறிகளும் ஒருவகை எழுத்துதான். அவற்றைத் தொகுத்துப் பதிவுசெய்யும் முயற்சி நடந்திருந்தால் இன்று அரிய ஆவணமாக இருந்திருக்கும்.

வெள்ளாவி வைக்கும் முறை

வெளுப்பின் நடுநாயகம் வெள்ளாவி. வெளுப்பதற்கான ஆவி என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது. சோப்பு வருவதற்கு முன் இதற்கு அடிப்படையாக இருந்தது உவர்மண். கோடையில் களர் நிலங்களின் மேல் வெள்ளையாகப் பூத்து நிற்கும் இந்த மண்ணில் சோடியம் கார்பனேட்டு முதலான காரங்கள் உள்ளன. அதைச் சுரண்டி எடுத்துவந்து தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்தால் வழுவழுப்பான கார நீர் கிடைக்கும். இன்றைய துணிசோடா செய்யும் வேலையை அது செய்தது.

முதலில் துணியைப் பிரிக்க வேண்டும். சாயம் போகும் துணி தனி, வெள்ளை தனி. வெள்ளைத் துணிகளைத் துறையில் ஒருமுறை அலசிவிட்டு உவர்மண் நீரில் தோய்த்து, அரைகுறையாகப் பிழிந்து வைப்பார்கள். மாலையில் அடுப்பு மூட்டப்படும். மண்ணால் கட்டிய பெரிய அடுப்பின் மேல் அகன்ற பானை அல்லது சால், அதில் தண்ணீர். பானையின் வாயைச் சுற்றித் துணிகளை வட்டமாக அடுக்கிக்கொண்டே போவார்கள். ஆவி நடுவில் மேலேறி எல்லா அடுக்குக்குள்ளும் பரவ வேண்டும். அதிக அழுக்கு கீழே, மெல்லிய துணி மேலே. எல்லாவற்றுக்கும் மேல் பழந்துணியோ சாக்கோ போட்டு மூடிவிட்டால் தூரத்திலிருந்து பார்க்க ஒரு சிறு குன்று புகைவதுபோல் இருக்கும். இரவெல்லாம் தீ அணையக்கூடாது, கொழுந்துவிட்டும் எரியக்கூடாது. தண்ணீர் வற்றினால் அடித்துணி கருகும். ஆவி போதாவிட்டால் மறுநாள் எவ்வளவு அடித்தாலும் வெளுக்காது. அதனால் குடும்பத்தில் ஒருவர் விழித்திருந்தே ஆக வேண்டும். விறகுக்குக் காசில்லாதபோது சருகும் பனையோலையும் வைக்கோல் கழிவும் எரிந்தன.

இதில் நடப்பதை வேதியியல் எளிதாக விளக்கும். துணி அழுக்கின் பெரும்பகுதி உடம்பின் எண்ணெய்ப் பசையும் அதில் ஒட்டிய தூசியும்தான். காரமும் நீராவிச் சூடும் சேரும்போது அந்த எண்ணெய்ப் பசையே சோப்பாக மாறிவிடுகிறது. அதாவது, அழுக்கைக் கொண்டே அழுக்கை எடுக்கும் முறை இது. பேனும் கிருமியும் அந்தச் சூட்டில் சாகும். மருத்துவமனைகள் துணியை ஆவியில் வைத்துத் தூய்மைப்படுத்தத் தொடங்குவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே ஊர்க்கோடியில் ஒருவர் அதைச் செய்துகொண்டிருந்தார்.

விடியற்காலையில் பொதி கழுதையின் மேல் ஏறும். துறையில் முழங்கால் தண்ணீரில் நின்று, சாய்வாக நட்ட கல்லில் துணியைச் சுழற்றி அடிப்பார்கள். ஒவ்வோர் அடிக்கும் வாயிலிருந்து ‘இஸ்’ என்று மூச்சு வெளிப்படும். பல துறைகளில் அந்த மூச்சொலியே பொழுது விடிந்ததற்கு அடையாளம். பிறகு மணலிலும் புல்லிலும் விரிப்பார்கள். வெறுமனே உலர்த்துவது மட்டும் இதன் நோக்கம் அல்ல. ஈரத் துணியின் மேல் வெயில் படும்போது மிச்சமிருக்கும் மஞ்சள் நிறம் மெல்லப் போகும். அதனால்தான் உலர உலரத் தண்ணீர் தெளிப்பதும் உண்டு. மழைக்காலம் வந்தால் தொழில் நின்றது. ஐப்பசி, கார்த்திகையில் வீடுகளில் ‘துணி இன்னும் வரவில்லையே’ என்ற முணுமுணுப்பும் சலவையாளர் வீட்டில் அடுப்பெரியாத நாளும் ஒன்றாக வந்தன.

கிராமத்துச் சிறுவர்கள் பலருக்கு இந்தத் துறைக்குப் போகத் தடை இருந்தது. இருந்தாலும் போனார்கள். வண்ணாத்திக்குருவி என்று அவர்கள் அறிந்த, கறுப்பும் வெள்ளையுமான சிறு பறவைக்கு அந்தப் பெயர் வந்ததற்கும் இந்தத் துறைகளுக்கும் தொடர்பு இருக்கக்கூடும்.

இலக்கியத்திலும் செப்பேட்டிலும்

இந்தத் தொழிலின் பழமைக்குச் சங்க இலக்கியமே சான்று. அதில் துணி வெளுக்கும் பெண் ‘புலைத்தி’ எனப்படுகிறாள். புறநானூற்றின் 311ஆம் பாடல் ஔவையார் பாடியது. களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் அவள் நாள்தோறும் வெளுத்துத் தரும் தூய வெள்ளாடையைக் குறிப்பிடுகிறது. களர் நிலத்துக் கிணறு என்பதைக் கவனிக்க வேண்டும். காரம் கலந்த நீர் அழுக்கைப் போக்கும் என்பது அன்றே தெரிந்திருக்கிறது. குறுந்தொகையின் 330ஆம் பாடலில் கஞ்சிப் பசையில் தோய்த்த துணியைக் குளிர்ந்த குளத்து நீரில் அலசும் காட்சி உவமையாக வருகிறது. கஞ்சி போடும் வழக்கம் அவ்வளவு பழையது. கலித்தொகையிலும் தலைவன் வீட்டுத் துணி வெளுப்பவள் வருகிறாள். அவள் பல வீடுகளுக்கும் போய்வருபவள் என்பதால் அவன் இரகசியம் அவளுக்குத் தெரியும் என்று தலைவி சந்தேகிக்கிறாள்.

சோழர் காலத்தில் இந்தத் தொழில் வரிக்குள் வந்தது. ஆனைமங்கலச் செப்பேடு போன்றவற்றில் காணப்படும் வரிப் பட்டியலில் ‘வண்ணாரப்பாறை’ என்பதும் ஒன்று. துணி அடித்துத் துவைக்கும் கல்லுக்கே அரசு இறை வாங்கியது. தறிக்கும் செக்குக்கும் இறை இருந்த காலத்தில் இதில் வியப்பில்லை என்றாலும், ஆற்றங்கரைக் கல் ஒன்று அரசின் வருவாய்க் கணக்கில் ஏறியது, அந்தத் தொழில் எவ்வளவு முறைப்பட்டிருந்தது என்பதைக் காட்டுகிறது.

பெரியபுராணத்தின் திருக்குறிப்புத் தொண்ட நாயனார் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர், ஏகாலியர் குலத்தவர். சிவனடியாரின் குறிப்பறிந்து துணி வெளுத்துத் தருவது அவர் தொண்டு. குளிர்காலத்தில் கந்தல் உடுத்திய முதியவர் வடிவில் இறைவன் வருகிறார். மாலைக்குள் துவைத்து உலர்த்தித் தருவதாக நாயனார் ஏற்கிறார். துவைத்து முடித்ததும் மழை பிடித்துக்கொள்கிறது, பொழுது சாய்கிறது, துணி உலரவில்லை. சொன்ன சொல் தவறியதே என்று துணி துவைக்கும் பாறையில் தலையை மோதிக்கொள்ளப் போகிறார். அப்போது இறைவனின் கை அவரைத் தடுக்கிறது. பக்திக் கதை என்ற அளவில் எல்லோரும் அறிந்தது இது. சலவைத் தொழிலின் பக்கமிருந்து படித்தால் வேறொன்றும் தெரிகிறது. வெயில் இல்லாத நாளில் வாக்குக் கொடுத்துவிட்ட சலவையாளரின் பதைப்பைச் சேக்கிழார் நன்றாக அறிந்திருக்கிறார்.

களத்து நெல், ஊர்ச்சோறு, மாற்று

கிராமத்தில் சலவைக்குத் துணிக்கு இவ்வளவு என்று காசு கிடையாது. அறுவடையின்போது களத்தில் கதிர்க்கட்டும் நெல்லும் தருவார்கள். அதுதான் வருடக் கூலி. அன்றாடம் மாலையில் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கிவர வேண்டும். ‘ஊர்ச்சோறு’ என்று அதற்குப் பெயர். பல வீட்டுக் குழம்பும் ஒரே பாத்திரத்தில் கலந்த அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்த பிள்ளைகள், அதை எடுக்கப் போகும்போது பள்ளியில் உடன் படிப்பவனின் வாசலில் நிற்க நேர்ந்ததே மறக்க முடியாதது என்பார்கள். விளைச்சல் பொய்த்த ஆண்டில் நெல்லும் குறையும். துணி மட்டும் குறையாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புதுத்துணியோ பலகாரமோ கிடைப்பது உண்டு. அதைப் பாசம் என்று சொல்வோரும் உண்டு. அதில் பாசமும் இருந்தது. ஆனால் கேட்டுப் பெற முடியாத கூலிக்குப் பாசம் ஈடாகாது.

வெளுப்பதோடு அவர்கள் கடமை முடியவில்லை. பெண் பூப்பெய்தினால், குழந்தை பிறந்தால், சாவு நேர்ந்தால் தீட்டுத் துணியை எடுத்துப்போய் வெளுத்த துணியைத் தருவது அவர்கள் பொறுப்பு. அப்படித் தரும் துணிக்கு ‘மாற்று’ என்று பெயர். மாதவிலக்குத் துணியைத் துவைத்தவரும் வண்ணார் குலப் பெண்தான். சாமி ஊர்வலத்திலும் சாவு ஊர்வலத்திலும் தரையில் வெள்ளை விரிப்பதும், சடங்கு நடக்கும் இடத்தில் மேலே வெள்ளை கட்டுவதும் அவர்கள் வேலை. யாழ்ப்பாணத்தில் இவர்களைக் ‘கட்டாடி’ என்பார்கள். அங்கும் மங்கலமோ அமங்கலமோ, வெள்ளை கட்ட அவர் வராமல் சடங்கு தொடங்காது.

மாற்றாகத் தந்த சேலை யாருடையது? பெரும்பாலும் ஊரில் வேறு யாரோ வெளுக்கப் போட்டதுதான். பண்ணையார் வீட்டுச் சேலை ஏழை வீட்டுப் பெண்ணின் உடம்பில் ஒருநாள் இருந்துவிட்டு, மறுபடி வெள்ளாவி ஏறி, பண்ணையார் வீட்டுக்கே திரும்பும். அந்த வீட்டாருக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. தெரிந்தும் கேட்காமல் இருந்தார்கள், ஏனென்றால் நாளை அவர்கள் வீட்டுக்கும் மாற்று வேண்டும்.

இரவில் மட்டும் வெளுத்தவர்கள்

வண்ணாருக்கும் கீழே ஓர் அடுக்கு இருந்தது. பட்டியல் சாதியினரின் துணியை வெளுத்தவர்கள் புதிரை வண்ணார். தீண்டாமைக்கு உள்ளானவர்களே இவர்களைத் தங்களுக்குக் கீழாக நடத்தினார்கள். திருநெல்வேலிப் பகுதியில் இவர்களைக் கண்ணால் காண்பதே தீட்டு என்று கருதப்பட்டதாகவும், அதனால் பகலில் வெளியே வராமல் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் வேலை செய்ததாகவும் 1932 டிசம்பரில் அ. வி. தக்கர் சொன்ன செய்தி ‘இந்து’ நாளிதழில் வந்தது. மானுடவியலாளர் ஜே. எச். ஹட்டன் இந்தியச் சாதி முறை பற்றிய தம் நூலில் அதை எடுத்துக்காட்டினார்.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) இந்த வாழ்க்கையை உள்ளிருந்து எழுதிய நாவல். தலித் குடியிருப்பு ஒன்றுக்குத் துணி வெளுத்து, பிள்ளைப்பேறு பார்த்து, களத்தில் தானியத்துக்குக் காத்து நிற்கும் ஆரோக்கியம் என்ற பெண்ணின் கதை அது. லீனா மணிமேகலையின் ‘மாடத்தி’ (2019) திரைப்படமும் இந்தச் சமூகத்தைப் பற்றியதே. தமிழக அரசு 2009இல் புதிரை வண்ணார் நல வாரியம் அமைத்தது. சட்டத்தின் பார்வையில் புதிரை வண்ணார் பட்டியல் சாதியினர். வண்ணார் பெரும்பாலான மாவட்டங்களில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் மட்டும் பட்டியல் சாதியினர். மாநில மறுசீரமைப்புக்கு முன் அந்தப் பகுதிகள் திருவிதாங்கூரோடு இருந்ததன் எச்சம் இது.

சோப்பு, நீலம், கஞ்சி

1888இல் ‘சன்லைட்’ சோப்புப் பெட்டிகள் கல்கத்தா துறைமுகத்தில் வந்து இறங்கின. 1917இல் கொச்சியில் டாட்டா எண்ணெய் ஆலை தொடங்கியது. அதன் 501 பார் சோப்பு தென்னிந்திய வீடுகளில் நீண்ட காலம் புழங்கியது. நீளமான கட்டியாக வாங்கி, நூலாலோ கத்தியாலோ துண்டு போட்டு, காயவைத்துப் பயன்படுத்துவார்கள். காய்ந்த சோப்பு கரையாது, சிக்கனம் என்பது கணக்கு. சவுக்காரம் என்ற பழைய சொல் தமிழகத்தில் சோப்புக்கு வழிவிட்டது. இலங்கைத் தமிழில் சவர்க்காரமாக இன்றும் உயிரோடு இருக்கிறது. 1959இல் ‘சர்ஃப்’ தூள் வந்தது. அது வசதியான வீட்டுக்குரியதாகவே இருந்தது. 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் பட்டேல் தொடங்கிய ‘நிர்மா’ அதைவிட மிகக் குறைந்த விலையில் விற்று, சலவைத் தூளைச் சாதாரண வீட்டுக்குள் கொண்டுவந்தது. அரசன், பொன்வண்டு போன்ற சோப்புகள் தமிழ்நாட்டின் மளிகைக் கடைகளில் இடம்பிடித்தன.

வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவது சிறுவர்களுக்குப் புரியாத புதிராக இருந்தது. வெள்ளையாக்க ஏன் நீலம்? துவைக்கத் துவைக்கப் பருத்தி மஞ்சளிக்கிறது. சிறிதளவு நீலம் சேர்ந்தால் அந்த மஞ்சள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, துணி பளிச்சென்று தோன்றும். முதலில் அவுரி, பிறகு ‘ராபின் புளூ’ போன்ற தூள். தூள் சரியாகக் கரையாவிட்டால் அப்பாவின் சட்டையில் திட்டுத் திட்டாக நிற்கும். இந்தத் தொல்லைக்கு விடையாகத்தான் சொட்டு நீலம் வந்தது. 1983இல் கேரளத்தில் மு. ப. ராமச்சந்திரன் தொடங்கிய ‘உஜாலா’வும், ‘ரீகல்’ சொட்டு நீலமும் வானொலி, தொலைக்காட்சி விளம்பரங்கள் வழியே ஒரு தலைமுறையின் காதில் பதிந்தன. இன்றைய சலவைத் தூளில் நீலம் தனியாகத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பும் வேதிப்பொருள் அதிலேயே கலந்திருக்கிறது. ஏமாற்று அதே ஏமாற்றுதான்; சொட்டு மட்டும் இல்லை.

கஞ்சிக்குச் சோறு வடித்த நீர் போதும். வெளியே போட்டுப்போகும் வேட்டி சட்டைக்கு ஜவ்வரிசியோ மைதாவோ காய்ச்சுவார்கள். அளவு கூடினால் வேட்டி தகரம்போல் நிற்கும். கஞ்சி போட்ட துணியைக் கரப்பான்பூச்சிக்குப் பிடிக்கும் என்பது பெட்டியைத் திறந்த பிறகுதான் தெரியும்.

வண்ணாரப்பேட்டை முதல் டோபி காட் வரை

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையிலிருந்து ஏற்றுமதி செய்த முதன்மைப் பொருள் துணி. தறியிலிருந்து வந்த துணியை அப்படியே கப்பலேற்ற முடியாது. பலமுறை வெளுத்து, வெயிலில் விரித்து எடுக்க வேண்டும். அதற்குத் திறந்த வெளியும் நீரும் தேவைப்பட்டன. அப்படிக் குடியேறிய சலவையாளர்களின் இடமே வண்ணாரப்பேட்டை. 1734இல் உருவான சிந்தாதிரிப்பேட்டையிலும் நெசவாளர்களோடு வெளுப்பவர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். சென்னையின் வணிகப் பெருக்கத்தைப் பேசும்போது ஆளுநர்களும் துபாஷிகளும் வருகிறார்கள். வெளுத்தவர்கள் ஊர்ப்பெயராக மட்டும் மிஞ்சினார்கள். 2019 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டை வரை நீண்டது. பெசன்ட் நகருக்கு அருகே வண்ணாந்துறை என்ற பேருந்து நிறுத்தமும் உண்டு. அங்கே இறங்குபவர்கள் துறையைப் பார்ப்பதில்லை.

ஃபோர்ட் கொச்சியில் வெளுப்பவர்கள் தமிழர்கள். டச்சுக்காரர் தம் படையினரின் சீருடைக்காக வரவழைத்தவர்களின் வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். வேலி என்ற பகுதியில் உள்ள டோபி கானாவில் தனித்தனித் தொட்டியும் கல்லும் உண்டு. கயிற்றில் துணியை மாட்ட அவர்கள் கவ்வி பயன்படுத்துவதில்லை. இரண்டாக முறுக்கிய கயிற்றின் பிரிவில் துணி நுனியைச் செருகிவிடுகிறார்கள், காற்றடித்தாலும் விழாது. சிங்கப்பூரின் டோபி காட் பகுதியும் ஓடைக்கரையில் துணி வெளுத்த இந்தியத் தொழிலாளர்களால் பெயர் பெற்றது. அவர்களில் சென்னை மாகாணத்தவரும் இருந்தார்கள். 1987இல் அங்கே ரயில் நிலையம் திறந்தபோது ஓடையில் வெளுப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது.

இஸ்திரி வண்டி

துணி உலர்ந்த பின் வீட்டில் செய்த கடைசி வேலை தேய்ப்பது. இஸ்திரி என்ற சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. பெட்டி இல்லாத வீட்டில் பள்ளிச் சீருடையை மடித்துப் பாய்க்கடியில் வைத்துப் படுப்பார்கள். அவசரமென்றால் அடுப்புக் கங்கை அள்ளிப் பித்தளைச் செம்பில் போட்டு, வாயைத் துணியால் பிடித்துக்கொண்டு தேய்ப்பார்கள். செம்பின் அடி வட்டம் என்பதால் காலர் மட்டும் எப்போதும் சுருக்கமாகவே இருக்கும்.

ஆறும் குளமும் வற்றி, இயந்திரம் வீட்டுக்குள் வந்தபின் வெள்ளாவி ஏறக்குறைய நின்றுவிட்டது. கழுதையும் போயிற்று. களத்து நெல்லும் ஊர்ச்சோறும் போயின; அதற்காக வருந்துபவர் அந்தச் சமூகத்தில் அதிகம் இருக்க மாட்டார்கள். அவர்களில் பலர் ஊரை விட்டு நகரத்துக்கு வந்து தெருமுனையில் தேய்ப்பு வண்டி போட்டார்கள். துணிக்கு இவ்வளவு என்று அன்றே காசு. யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. துணி வண்டியைத் தேடி வந்தது. தேங்காய்ச் சிரட்டைக் கரியும் மரக்கரியும் எரியும் கனத்த பெட்டியை நாள் முழுதும் தூக்கி இறக்குவதால் தோளும், புகையால் நெஞ்சும் கெடுகின்றன என்பது அவர்களின் நெடுநாள் குறை. அரசு இலவசத் தேய்ப்புப்பெட்டி வழங்கியது. அண்மை ஆண்டுகளில் எரிவாயுப் பெட்டி பரவிவருகிறது. திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் சூரிய ஒளியில் இயங்கும் தேய்ப்பு வண்டியை வடிவமைத்து 2020இல் குழந்தைகளுக்கான பன்னாட்டுச் சூழல் பரிசு பெற்றார். 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டிலும் பேசினார். மரக்கரி வண்டிகள் இன்னும் பல தெருக்களில் நிற்கின்றன. மாலையில் அவற்றின் மேல் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலங்கள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் வீட்டு எண் எழுதியிருக்கும்.